புயலோநாய்க்கு ரோஸ்ட் கிடையாது

நார்மன் பிளென்கின் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குச் செத்துப்போவதென்று தீர்மானித்தான். உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. சாகப்போவது பெயர் மட்டும்தான்.

இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரியில் இது அதிசயமில்லை. அந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு மந்திரவாதி மேலோ, மந்திரவாதிக்கு அங்கி தைப்பவர் மேலோதான் விழும். நார்மன் சேர்ந்திருந்த விக்கா என்ற சூனிய மத வட்டத்தில், ஓராண்டும் ஒரு நாளும் பயின்று முடித்தவரின் கண்ணைக் கட்டி, "வருவது யார்?" என்று மூன்று முறை கேட்டு, மந்திரப் பெயர் சூட்டுவார்கள். பழைய ஆள் இறந்தான், புது ஆள் பிறந்தான் என்று பொருள். மற்றவர்கள் இதை மனசு சம்பந்தப்பட்ட விஷயமாக எடுத்துக்கொண்டார்கள். நார்மனின் குறுக்குப் புத்தி வேறொன்றைக் கண்டுபிடித்தது: செத்தவனை யாரும் குளியலறைக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்ல முடியாது. வாங்கி வைத்த டப்பா பதினாலு மாதமாக வாசல் கதவருகே அவனை முறைத்துக்கொண்டிருந்தது.

வீட்டில் மனைவி டோரீனைக் கேள்வி கேட்க வைத்துச் சடங்கை ஒத்திகை பார்த்தான். பெயருக்காக மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான். வட்டத்தில் ஏற்கெனவே நாலு காக்கை, மூன்று பருந்து. கொசு, பெருச்சாளி என்று ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு அடக்கம் யாருக்கு இருக்கிறது? நார்மன் தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன். நாய்க்குட்டி எதிரே வந்தால்கூடத் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகிறவன். அவன் தேர்ந்தெடுத்த பெயர் 'புயலோநாய்', புயலும் ஓநாயும் சேர்ந்தது. எண் சோதிடப்படி எழுத்துகளின் கூட்டுத்தொகை பிறந்த தேதியின் எண்ணோடு ஒத்துவரவில்லை. ஓர் எழுத்தை அதிகமாகச் செருகினான், ஒத்துவந்தது. தெய்வங்களிடமே தில்லுமுல்லு செய்தவனுக்கு டோரீன் எம்மாத்திரம்?

பெயர் சூட்டி முடிந்ததும் கறுப்பு அங்கியோடு வீட்டுக்கு வந்தான். மாட்டிறைச்சி ரோஸ்ட்டின் வாசனை மூக்கைத் துளைத்தது.

"நார்மன், கால தொடச்சிட்டு வா!" சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

"அந்தப் பேருல இங்க யாரும் இல்ல."

டோரீன் கரண்டியோடு வந்தாள். "என்னது?"

"நார்மன் செத்துட்டான். மூணு மணிக்கு. நான் புயலோநாய்."

"அப்ப பாத்ரூம் பெயிண்ட்டு?"

"அது நார்மன் குடுத்த வாக்கு. பாவம், போய்ச் சேந்துட்டான்."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். அவளோ ரேடியோவை நிறுத்தினாள். துக்க வீட்டில் செய்வதுபோல் ஜன்னல் திரைகளை இழுத்து மூடினாள்.

"நல்ல மனுஷன்தான். கொஞ்சம் சோம்பேறி," என்றாள்.

வேலை இவ்வளவு சுலபமா? நார்மன் பெருமையோடு தன் நாற்காலியில் உட்காரப் போனான்.

"மன்னிச்சுக்கோங்க சார். அது என் வீட்டுக்காரர் நாற்காலி."

முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அவனிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

"சரி, தட்ட வை. பசிக்குது."

"இது நார்மனுக்குச் செஞ்சதாச்சே. அவருக்கு அந்த மொறுமொறு ஓரம்னா உயிரு."

"எனக்கும் உயிருதான்!"

"ஓநாய்க்கு வெந்த கறி ஒத்துக்குமா சார்?" என்றவள், பின்கதவைத் திறந்து பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டாள். "வில்ஃப்! நார்மன் போயிட்டாரு! அவர் பங்கு ரோஸ்ட் வீணாப் போவுது, வா!"

"அடப்பாவமே! கூட கிரேவி இருக்கா?"

வில்ஃப் சொந்த முட்கரண்டியோடு வந்து, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, மொறுமொறு ஓரத்திலிருந்தே துக்கத்தைத் தொடங்கினான்.

"நல்ல ஆளு. என் ஏணியத்தான் திருப்பிக் குடுக்கவே இல்ல."

"எடுத்துக்கோ. அவரோட தூண்டிலயும் எடுத்துக்கோ. இனிமே யாரு மீன் புடிக்கப் போறா?"

"என் தூண்டிலா?" நார்மன் அலறினான். அந்தத் தூண்டிலை அவன் யாரையும் தொடவிட்டதில்லை.

"சார் யாரு?" என்றான் வில்ஃப், கடைவாயில் கிரேவி வழிய.

"தெரியல. புருஷன் போன வீட்ல வேத்து ஆம்பள இருந்தா ஊரு பேசும். கெளம்புங்க சார். சாவிய வச்சிட்டுப் போங்க, அது அவரோடது."

வெளியே மழை. நனைந்த கம்பளி அங்கியோடு வட்டத்தின் தலைவி வீட்டுக்கு ஓடினான். வட்டத்தில் அவள் பெயர் 'நிலவு இறகு'. மற்ற நேரத்தில் பாமெலா என்ற பெயரில் கால் ஆணி எடுப்பவள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேரு வட்டத்துக்குள்ள மட்டுந்தான்னு ஒரு வருஷமாச் சொல்லிக் குடுத்தேனே! வீட்டுக்கு வீடு அத எடுத்துட்டுப் போவியா? போ, டோரீன் சொல்றதச் செய்."

திரும்பி வந்து, வாசலில் மண்டியிட்டு, கதவில் தபால் போடும் துளையில் வாயை வைத்தான் புயலோநாய்.

"டோரீன், நான்தான்."

"வருவது யார்?"

"நார்மன்."

உள்ளே வில்ஃப் தூண்டில் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"வருவது யார்? எந்த நார்மன்?"

மூன்று மாதம் தேடிய பெயர் இப்போது மூன்றே நொடியில் கிடைத்தது.

"பாத்ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கிற நார்மன்."

"முழுப் பேரு?"

"மேல் சீலிங்கையும் சேத்து ரெண்டு கோட் அடிக்கிற நார்மன்."

கதவு திறந்தது. முதலில் வெளியே வந்தது பிரஷ்.