பொம்மையைத் திருப்பி எடுத்துப்போகும் ரிட்டன் மாமு

பிறந்தநாளுக்குக் கொடுத்த பொம்மையை அடுத்த வாரமே வீடு தேடி வந்து, குழந்தையின் கண்ணெதிரில் எடுத்துக்கொண்டு போகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அவரிடம் ஒரு பொம்மையாவது பறிகொடுக்காத குழந்தை இருந்தால், அது பிறந்தநாளே கொண்டாடாத குழந்தையாகத்தான் இருக்கும்.

துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. நான் உள்ளே உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிறவன். அவர் வெயிலில் அலைந்து கன்டெய்னர்களை லாரியேற்றி அனுப்புகிறவர். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை, லாரி ஹாரனையே அதட்டுகிற குரல். மாதா கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆபீசுக்கு அவர் ரிட்டன் மாமு. நான் சேர்ந்த புதிதில், துபாய்க்குப் போய்த் திரும்பி வந்தவர் போலிருக்கிறது, அதனால் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகளின் இரண்டாவது பிறந்தநாளுக்குக் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரிய பெட்டி ஒன்றைக் கொடுத்தார். உள்ளே ஒரு குரங்கு. முதுகில் பட்டனை அமுக்கினால் கண் சிவந்து, ஜால்ரா தட்டிக்கொண்டு, இங்கிலீஷில் பாடும். அது பாட ஆரம்பித்ததும் என் மகள் போட்ட கூச்சலில் கேக்கை வெட்டுவதற்கு முன்பே மெழுகுவத்தி அணைந்துவிட்டது. குரங்கைப் பெட்டியோடு தூக்கி ஃபிரிஜ் மேல் வைத்தோம். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். மாமு உள்ளே வந்தார்.

"இன்னாம்மா, அந்தக் கொரங்கு எப்டி கீது?"

"நல்லா இருக்குண்ணே. பாப்பா அத விடவே மாட்டேங்குறா" என்றாள் என் மனைவி. கொடுத்தவர் மனம் நோகக்கூடாதில்லையா.

"அப்டியா. எங்க, வெள்ளாட சொல்லு, பாக்கலாம்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தோசையைப் பார்த்தேன். மாமு அண்ணாந்து ஃபிரிஜ் மேலே பார்த்தார். எட்டிப் பெட்டியை எடுத்தார், கக்கத்தில் இடுக்கினார், படியிறங்கிப் போய்விட்டார். என் மனைவி வாயில் வைத்த தோசையை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. பிறகு ஒரேயடியாக விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"குடுத்தத எடுத்துட்டுப் போறாருங்க."

"ஆமா."

"கேக்கு சாப்ட்டாரே, அத என்ன பண்ணுவாரு?"

மறுநாள் ஆபீசில் சொன்னேன். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. "உனக்கும் ஆரம்பிச்சிட்டாரா?" என்றார்கள். அவருடைய பெயருக்கு அன்றுதான் அர்த்தம் விளங்கியது.

அடுத்து ஒரு கவுன் போட்ட பொம்மை வந்தது. தலைமுடி கையோடு வந்ததால் அதுவும் திரும்பிப் போனது. அதற்கப்புறம் ஒரு ஞாயிறு முழுக்க மாமு எங்கள் பால்கனியில் என் மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் கம்பிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு, ரோட்டில் போகும் லாரிகளுக்கெல்லாம் டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள். இவரும் சேர்ந்து காட்டினார். அடுத்த முறை வந்தபோது ஒரு டிப்பர் லாரி கொண்டுவந்தார். பேட்டரி கிடையாது, பாட்டு கிடையாது. கெட்டியான பிளாஸ்டிக், பெரிய சக்கரம், பின்பக்கம் தூக்கினால் சரக்கு கொட்டும். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வெங்காயம் சமையலறையில் இருந்ததில்லை. கட்டிலுக்கடியில் 'இறக்குமதி' ஆகிக்கொண்டிருந்தது. மாமு வந்து ஒரு மணி நேரம் பார்த்தார். கிளம்பும்போது, "டெஸ்ட்ல இது பாஸு" என்றார்.

"ஏன் மாமு, குடுத்தா குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு இந்த பேஜாரு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் உனுக்கா குட்த்தேன்? கொழந்தைக்கு குட்த்தேன். அது வெள்ளாடலன்னா அது கையில இன்னும் போய் சேர்லன்னு அர்த்தம்" என்றார்.

"குழந்தைங்க பொம்மையை விட்டுட்டு அது வந்த அட்டைப்பெட்டியிலதான் விளையாடும்னு சொல்வாங்களே."

"பொட்டில வெள்ளாடுதுன்னா உள்ள வந்தது கலீஜுன்னு அர்த்தம். பொட்டிய புகழ்ந்துகினு இருக்காத."

அவரோடு பொம்மைக் கடைக்குப் போவது தனி அனுபவம். ராயபுரத்தில் ஒரு கடைக்காரர், மாமு தெருமுனையில் தெரிந்தாலே கண்ணாடிச் சாமான்களை உள்ளே எடுத்து வைப்பார். மாமு கடை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காரை உருட்டி, கரடியின் கண்ணைப் பிடித்து இழுத்து, கிலுகிலுப்பையைக் காதோரம் ஆட்டி, கடைசியில் ஒரு ரப்பர் வாத்தின் தலையைக் கடித்தார். குழந்தையோடு வந்திருந்த ஒரு அம்மா, குழந்தையின் கண்ணைப் பொத்தினார்.

"மாமு, வாங்கிட்டு கடிங்க" என்றார் கடைக்காரர்.

"கட்ச்சா பிஞ்சிடுமான்னு பாத்துட்டுதான் வாங்க முடியும். கொழந்த இன்னா, வாத்துக்கு முத்தமா குட்த்துகினு இருக்கும்?"

வாத்தின் அலகு வாயோடு வந்துவிட்டது. மாமு அதைக் கையில் துப்பிக் கடைக்காரரிடம் காட்டினார். கடைக்காரர் அந்த வாத்துகளைக் கூடையோடு உள்ளே கொண்டுபோனார். வாங்காத வாத்தின் சாவுக்கு யார் பொறுப்பு என்று இருவரும் அரைமணி நேரம் வாதாடினார்கள்.

அவர் கணக்கும் தப்பியதுண்டு. எங்கள் அக்கவுண்டன்ட் மகனுக்கு ஒரு தகர டமாரம் வாங்கிக் கொடுத்தார். பையன் அதைக் காலையில் எழுந்ததும் அடிக்க ஆரம்பித்தான். சாப்பிடும்போதும் ஒரு கையால் அடித்தான். ஒரு வாரத்தில் அக்கவுண்டன்ட் கண்ணெல்லாம் குழிவிழுந்து ஆபீசுக்கு வந்தார். மாமுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வாயால ரிட்டன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாமு, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றார்.

"கொழந்த வெள்ளாடுதா?"

"அது மட்டும்தான் விளையாடுது."

"அப்பறம் எப்டி எட்த்துகினு போறது? ரூல்ஸ் கீதுல்ல" என்று சொல்லிவிட்டு மாமு போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். அந்த அக்கவுண்டன்ட் அதற்கப்புறம் யார் பிறந்தநாள் என்றாலும் சாக்லேட்டோடு நிறுத்திக்கொள்ளும்படி எல்லோருக்கும் உபதேசம் செய்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேனேஜர் மகனுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. மேனேஜர் கண்டிப்பானவர். அவர் வீட்டில் மாமு புகுந்து பரிசைத் திருப்பி எடுத்தால் எத்தனை பேர் வேலை போகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் இந்தத் தடவை மாமுவுக்குத் தெரியாமல் நாங்களே கடைக்குப் போய், குழந்தை உட்கார்ந்து ஓட்டுகிற பேட்டரி கார் ஒன்றை ரிமோட்டோடு வாங்கினோம். விழாவில் எல்லோரும் கைதட்டினார்கள். மாமு தட்டவில்லை. பிரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டே காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு என்னிடம் வந்து, "வண்டிய எடு, விம்கோ நகர் வரைக்கும் போயி மேனேஜர் கொழந்தய சும்மா பாத்துட்டு வர்லாம்" என்றார். தனியாக விடுவதைவிடக் கூடப் போய்த் தடுப்பது மேல் என்று நானும் போனேன்.

மேனேஜர் வீட்டு ஹாலில் கார் பளபளவென்று நின்றது. குழந்தை அதற்கு எதிர்மூலையில் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டிருந்தது. மேனேஜர் பெருமையோடு ரிமோட்டை அமுக்கினார். கார் உறுமியது. குழந்தை வீறிட்டது.

"சார், இத நான் எட்த்துகினு போறேன்" என்றார் மாமு.

நான் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மேனேஜர், "இது ஆபீஸ் கொடுத்த கிஃப்ட்" என்றார் நிதானமாக. அந்த நிதானத்துக்கு அடுத்தது வெடிதான் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

"யாரு குட்த்தா இன்னா சார்? ரிமோட்ட குடுங்க, பாப்போம்." மாமு அதை வாங்கித் திருப்பினார், தம் வழக்கப்படி உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். மூடி கழன்று பறந்தது. உள்ளேயிருந்து சட்டை பட்டன் அளவில் ஒரு பேட்டரி தரையில் விழுந்து உருண்டது. நாங்கள் குனிவதற்குள் அழுகையை நிறுத்திய குழந்தை தவழ்ந்து வந்தது, எடுத்தது, வாயில் போட்டுக்கொண்டது.

மாமு பாய்ந்தார். குழந்தையைக் குப்புறத் தன் முழங்கையில் சாய்த்து, கன்னத்தை அழுத்தி, ஒரு விரலை உள்ளே விட்டார். பேட்டரி எச்சிலோடு அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதற்கப்புறம்தான் குழந்தையின் அம்மாவுக்குக் கத்தவே முடிந்தது.

குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அந்த அம்மா உள்ளே போனார். மேனேஜரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "கிளம்புங்க" என்றார். அவ்வளவுதான். மாமு பேட்டரியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்தார். வண்டியில் திருவொற்றியூர் வரை என் தோளை விடவே இல்லை.

"நான்தான் தட்னேன். நான்தானே தட்னேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் மாமுவை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று காத்திருந்தோம். மேனேஜர் வழக்கம்போல ஃபைல்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் மாமு மாறிவிட்டார். யார் வீட்டுக்கும் போகவில்லை. ஒரு பிறந்தநாள் அழைப்பு வந்தபோது, பிரியாணி வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். ஆபீசே உறைந்துபோனது. வீட்டில் என் மனைவி, "ஏங்க, அண்ணன் ஏன் வர்றதில்ல?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

ஒரு மத்தியானம் மேனேஜரின் மனைவி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். பின்னாலேயே ஆட்டோக்காரர் அந்த பேட்டரி காரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாமு எழுந்து நின்றார்.

"அண்ணே, அந்த மூடிக்கு ஸ்க்ரூவே இல்ல. எப்ப வேணா விழுந்திருக்கும். நான் சமையல்கட்டுல இருக்கும்போது விழுந்திருந்தா..." அவர் முடிக்கவில்லை. "இத எடுத்துட்டுப் போயிடுங்க. இவனுக்கு எது சரியா வரும்னு நீங்களே பாத்துக் குடுங்க."

"வாணாம்மா. எனுக்கு பயமாகீது" என்றார் மாமு. அந்த உடம்பிலிருந்து அப்படியொரு சின்னக் குரல் வரும் என்று எங்களுக்குத் தெரியாது.

அந்த அம்மா குழந்தையைத் தரையில் விட்டார். மாமு உடனே தரையில் உட்கார்ந்தார். மேசைக்கடியில் கிடந்த குண்டூசி, கிளிப் எல்லாவற்றையும் கையால் வழித்தெடுத்தார். குழந்தை என் டிபன் கேரியரைக் கண்டுபிடித்து, ஒரு கிண்ணத்தை இன்னொன்றுக்குள் போட்டு, எடுத்து, மறுபடி போட்டது. மாமு கண்கொட்டாமல் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் மீசை பழையபடி நிமிர்ந்தது.

"இவனுக்கு ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற கப்பு வோணும். வாய்ல போவாத சைஸு. ஓரம் கிழிக்கக் கூடாது" என்றார். சாயங்காலமே வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு அவர் விம்கோ நகர் போனபோது மேனேஜரே கதவைத் திறந்து, "வாங்க, செக்கிங்தானே?" என்று வழிவிட்டாராம்.

போன வருடம் எனக்கு மகன் பிறந்தான். ஆஸ்பத்திரிக்கு மாமு வந்தார். வெறுங்கை. எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

"என்ன மாமு, ஒண்ணும் வாங்கிட்டு வரலியா?"

"இன்னும் ஆளே பயக்கமில்ல. அதுக்கு இன்னா புடிக்கும்னு எனுக்கு எப்டி தெரியும்?"

சொல்லிவிட்டுத் தொட்டிலின் மேல் குனிந்தார். மகன் அவருடைய தடித்த விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான். விரலை அசைத்தால் விழித்துவிடுவானோ என்று மாமு குனிந்தபடியே நின்றார். என் மனைவி படுக்கையிலிருந்தே எனக்குக் கண்ஜாடை காட்டினாள். நான் சத்தமில்லாமல் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் அவருக்குப் பின்னால் போட்டேன்.