பாலத்தின் நடுவே ஒரு பீரங்கி

"ஜெயிச்சுடாதீங்க லா, ப்ளீஸ்!" செருப்பு அடுக்கின் அருகே நின்று தர்ஷினி கிசுகிசுத்தாள். "தோத்தா அப்பா ஒரு வாரம் யார்கிட்டயும் பேசமாட்டார். அப்புறம் நம்ம கல்யாணப் பேச்சை எங்கிருந்து எடுக்கிறது?"

"நானா ஜெயிக்கப் போறேன்? இந்த கேமையே இன்னைக்குத்தான் பார்க்கிறேன்," என்றான் சக்தி.

கரூரிலிருந்து சிங்கப்பூர் வந்து கப்பல் பட்டறையில் பொறியாளராக இருப்பவன். பெண் கேட்க ஆங் மோ கியோவுக்கு வந்தவனிடம், "முதல்ல ஒரு ஆட்டம், அப்புறம் பேச்சு," என்று மடிக்கணினியைத் திறந்துவிட்டார் தர்ஷினியின் அப்பா தங்கராஜு. ராணுவத்தில் வாரண்ட் ஆபிசராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஆட்டம் எளிதுதான். ஒருவர் படைகளை நகர்த்தி முடித்த பிறகே மற்றவர் நகர்த்தலாம். எதிரியின் தலைமையகத்தைப் பிடித்தால் வெற்றி. எதிரியின் படை எங்கே என்று தெரியக்கூடாது. அதனால் ஒருவர் ஆடும்போது மற்றவர் எழுந்து போய்விட வேண்டும். தங்கராஜு சமையலறைக்குப் போவார், சக்தி வாசலுக்கு.

இந்த ஆட்டத்தைப் பற்றித் தர்ஷினி எச்சரித்திருந்ததால், மார்சிலிங்கிலிருந்து வரும் ரயிலில் சக்தி புதியவர்களுக்கான போர் உத்திகள் பற்றி ஒரு காணொளி பார்த்திருந்தான். இப்போது அதில் சொன்னதற்கெல்லாம் நேர்மாறாகச் செய்ய முடிவெடுத்தான். பீரங்கியைப் பின்னால் வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவன் அதைத் தன்னந்தனியாகப் பாலத்தின் நடுவே நிறுத்திவிட்டு எழுந்தான்.

திரும்பி வந்து பார்த்தான். தங்கராஜுவின் டாங்கிகள் வரிசையாக அந்தப் பாலத்துக்கே வந்திருந்தன. கிட்டே வருவதையெல்லாம் தானாகச் சுடும் பீரங்கி, எல்லாவற்றையும் எரித்துவிட்டிருந்தது.

"நல்ல மூவ் தம்பி," என்றார் தங்கராஜு. குரலில் உயிரில்லை.

சக்தி பதறினான். காலாட்படையைக் காட்டுக்குள் மறைக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். அவன் அவர்களை வெட்டவெளியில் நிறுத்தினான். சுடட்டும், மகராசனாகச் சுடட்டும்.

தங்கராஜுவின் குண்டுகள் ஒன்றுவிடாமல் காலிக் காட்டின் மேல் விழுந்தன.

"என்ன பண்றீங்க நீங்க?" வாசலில் தர்ஷினி பல்லைக் கடித்தாள்.

"நான் எதுவுமே பண்ணல, தர்ஷினி. அதான் பயமா இருக்கு. உங்கப்பா ஏதோ பெரிய பொறி வைக்கிறார்."

"வச்சா விழுந்து தொலைங்களேன்!"

சமையலறையில் தர்ஷினியின் அம்மா கமலா அடிக்குரலில் ஏதோ பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை அங்கிருந்து வெளியே வரும்போதும் தங்கராஜுவின் முகம் இன்னும் கறுத்திருந்தது.

கடைசியாக ஒரு வழிதான் இருந்தது. தலைமையகத்தைக் காலியாக விடவே கூடாது என்று காணொளி அடித்துச் சொல்லியிருந்தது. சக்தி கடைசிச் சிப்பாய் வரை அத்தனை பேரையும் அங்கிருந்து கிளப்பி, சண்டையே இல்லாத ஒரு மூலைக்கு ஓடவிட்டான். ஓடியவர்கள் ஏதோ ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தார்கள்.

கணினி எக்காளம் ஊதியது. திரையெங்கும் கொடிகள்.

அது தங்கராஜுவின் தலைமையகம். காவலுக்கு ஒரு ஈ, காக்கை இல்லை.

தங்கராஜு சமையலறையிலிருந்து வந்து திரையைப் பார்த்தார். மின்விசிறி சுற்றியது. கீழே யாரோ கார்க் கதவைச் சாத்தினார்கள்.

"ஸாரி அங்கிள். தெரியாம நடந்துருச்சு. இன்னொரு ஆட்டம் போடலாம், இந்தத் தடவை கண்டிப்பா..."

தங்கராஜு கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். உதடு துடித்தது. படுக்கையறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

"முடிஞ்சது," என்று தர்ஷினி சோபாவில் சரிந்தாள். சக்தி வாசலில் கிடந்த தன் காலணியைத் தேடிப் பார்வையை ஓட்டினான்.

கமலா கரண்டியோடு வந்து படுக்கையறைக் கதவைத் தட்டினார்.

"ஏங்க, வந்த ரெண்டு மாப்பிள்ளையையும் ஜெயிச்சு ஜெயிச்சே விரட்டுனீங்க! இவர்கிட்டயாவது நான் சொன்னபடி தோத்துட்டீங்க இல்ல, அழாம வெளிய வந்து கல்யாணத் தேதியப் பேசுங்க!"