மூத்த மாப்பிள்ளையின் ரம்பப் பரணி

வாழ்க அவன் பேரறிவு. வாழ்க, தெரியாது என்ற சொல்லைப் பிறந்த நாள்முதல் உச்சரித்தறியாத அவன் திருவாய். செய்முறைக் கையேட்டின் உறை கிழிக்காத வீரன், பிறர் சொல் நுழையாச் செவியன், மாமனார் வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளையாய் வாய்த்த அந்த மாவீரனின் போரைப் பாடத் துணிந்தோம்.

விடியற்காலைக் காற்றில் சாய்ந்த மரமொன்று, களத்தில் விழுந்த யானைபோல் வாசல்கேட்டுக்குக் குறுக்கே கிடந்தது. உள்ளே காரில், பத்து மணிக் கண் அறுவைச் சிகிச்சைக்காக மாமனார் காத்திருந்தார். மணி எட்டேகால். "யாரும் பதறாதீங்க. அஞ்சே நிமிஷம். மெஷின் இருக்கு, நான் இருக்கேன்" என்று முரசறைந்து, மரமறுக்கும் மெஷினைத் தோளேற்றி வந்தான் தலைவன்.

இழுத்தான் கயிற்றை, பத்துமுறை இழுத்தான், பாற்கடல் கடைந்தோரும் கைசலித்து உட்காருமளவு இழுத்தான், அதுவோ கிழக்கோழிபோல் ஒருமுறை கொக்கரித்து அடங்கிற்று. உடனே ஸ்பார்க் பிளக்கைப் பகைவனெனக் கண்டு கழற்றித் துடைத்தான், கார்புரேட்டரைக் குடலுருவினான், இரண்டும் குற்றமற்றவை என்றான பின்பு பெட்ரோல் பங்க்காரனின் குலத்தையே சபித்தான்.

அவன் மனைவி வந்து இரண்டே விரலால் கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, கயிறு எதிர்க்கவே இல்லையே. சும்மா லேசா வருது. உள்ள அமுக்கமே இல்லபோல."

"இதெல்லாம் உனக்குப் புரியாது" என்பது அரச கட்டளை. அவளோ அடுத்த தெரு மெக்கானிக்குக்குப் போன் செய்தாள்.

வந்தவர் கயிற்றின் கைப்பிடியைப் பற்றி மெஷினைத் தொங்கவிட்டார். நல்ல இன்ஜினாயின் உள்ளே இறுகும் காற்று மறிக்க, தயங்கித் தயங்கி இறங்கும். இதுவோ சரசரவெனத் தரை தொட்டது. பிளக் துளையில் அமுக்கம் அளக்கும் மானியைத் திருகிவிட்டுக் கயிற்றை இழுத்தார். நூற்றிருபதைத் தொடவேண்டிய முள் அறுபதிலேயே சோர்ந்தது. சைலென்சரைக் கழற்றி, அந்தத் துளைவழியே உள்ளே டார்ச் அடித்தார். பிஸ்டனின் வெள்ளி மேனியெங்கும் பூனை பிறாண்டியதுபோல் நெடுங்கீறல்கள்.

"பெட்ரோல்ல ஆயில் கலந்துதான ஊத்துனீங்க?"

தலைவன் தலை நிமிர்த்தினான். "எங்கிட்ட கலப்படமே கிடையாது. சுத்தமான பெட்ரோல் மட்டும்தான்."

மெக்கானிக் டார்ச்சை அணைத்தார். "ஆயில் இல்லாம ஓட்டுனா பிஸ்டன் உரசிக் கீறிடும். கீறல் வழியா காத்து போயிடும். அப்புறம் எங்க அமுக்கம் நிக்கும்? பிஸ்டன், சிலிண்டர் ரெண்டும் மாத்தணும்."

தோல்வி என்பதைத் தன் அகராதியில் சேர்க்காத தலைவன் அக்கணமே மார்பு விம்மி, ஆயில் கேட்கும் இன்ஜினைப் படைத்தவனின் மடமையை, உலோகத்தின் நன்றியின்மையை, உண்மை வீரர்க்குப் படைக்கலம் வாய்க்காத காலத்தின் கொடுமையை, மெக்கானிக் கருவிப்பையை மூடிக்கொண்டு போனபின்னும் மூச்சுவிடாது முழங்கிக்கொண்டேயிருந்தான்.

மாமனார் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் உயரமே இருந்த மரத்தைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் ஆட்டோ ஏறினார்.