எங்கள் ஈயம், உங்கள் மண்

ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டித் தந்த தொழிற்சாலைகள் உண்டு. பஸ் நிறுத்தத்துக்குக் கூரை போட்டுத் தந்த தொழிற்சாலைகளும் உண்டு. ஆனால் தன் உற்பத்திப் பொருளையே, யாரும் கேட்காமல், காற்றின் மூலம் வீடு தேடி விநியோகித்த தொழிற்சாலை இப்பூவுலகில் எங்களுடையது ஒன்றுதான். 'ஈயம் என்ற சொல்லிலேயே ஈகை இருக்கிறது' என்று ஆண்டு மலரில் எழுதியவன் நான். நான் அங்கே மக்கள் தொடர்பு அலுவலர். அது ஈயம் அல்ல, 'ஈயோம்' என்று ஊரில் சிலர் சொல்வதுண்டு. அவர்கள் நஷ்டஈடு கேட்டுப் பார்த்தவர்கள்.

உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல் பக்கம் போனால் ஏரிக்கு அப்பால் எங்கள் புகைபோக்கி தெரியும். செத்துப்போன பேட்டரிகளை லாரி லாரியாகக் கொண்டுவந்து உடைத்து, உள்ளிருக்கும் ஈயத்தை உருக்கிக் கட்டிகளாக விற்கிறோம். இதற்குச் 'சுற்றுச்சூழல் சேவை' என்று பெயர். பெயர் வைத்ததும் நான்தான்.

எங்கள் மதிலை ஒட்டி செவ்வந்தியின் நிலம் இருந்தது. கூலி வேலை செய்து சேர்த்து வாங்கிய சின்னத் துண்டு. அதில் சிறுகீரை போட்டு, காலையில் உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் விற்பார். மகள் பூஜா நடக்கப் பழகியதே அந்த வரப்பில்தான். இப்போது மூன்றாம் வகுப்பு. கொஞ்ச காலமாக அவளுக்கு அடிக்கடி வயிற்று வலி. நேற்றுப் படித்தது இன்று மறந்துபோகிறது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்றார்கள். எங்கள் ஈயம் ஏற்றுமதித் தரம் வாய்ந்தது என்பதை மட்டும் இங்கே பணிவுடன் பதிவு செய்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து சோபியா என்ற ஆய்வாளர் வந்து சேர்ந்தார். குழாயை மண்ணில் இறக்கி எடுப்பதும், பாலிதீன் பையில் போட்டு ஒட்டுவதுமாக வயல் வயலாகத் திரிந்தார். டாக்டர் பட்டம் பெற்றவர் என்று யாரோ சொல்ல, செவ்வந்தி ஓடிவந்தார்.

"டாக்டரம்மா, புள்ள வயித்து வலின்னு சுருண்டுக்கினு கீது. நீங்க இன்னா மண்ணப் பாத்துக்கினு கீறீங்க?"

"நான் மண்ணுக்குத்தான் டாக்டர்ங்க" என்றார் சோபியா. "மண்ணுக்கு வந்ததுதான் பாப்பாவுக்கும் வந்திருக்கு. அதான் முதல்ல இதைப் பார்க்கிறேன்."

ஆய்வு முடிந்ததும் எங்கள் ஏசி அரங்கிலேயே 'முத்தரப்பு நல்லிணக்கக் கூட்டம்' கூட்டினோம். ஓர் அரசு அதிகாரி வந்திருந்தார். முன்வரிசையில் செவ்வந்தியும், பக்கத்து நாற்காலியில் வேதகிரியும் உட்கார்ந்திருந்தார்கள். வேதகிரி பரம்பரை நிலக்காரர். செவ்வந்தி இருக்கும் தெருவுக்குள் கால் வைத்தறியாதவர். அவர் வயலிலும் எங்கள் ஈயம் படிந்திருந்தது. நஞ்சை நிலம் என்ற பெயருக்கு அப்போதுதான் முழுப் பொருத்தம் வந்தது. அந்த இருவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தது எங்கள் புகை. இந்தச் சமூகச் சீர்திருத்தத்துக்கு நாங்கள் விளம்பரம் தேடியதில்லை.

சோபியா தன் முடிவைச் சொன்னார். மண்ணில் ஈயம் இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு இருக்கிறது.

எங்கள் எம்.டி. புருஷோத்தமன் சிரித்தார். "மண்ணுன்னா ஈயம் இருக்கத்தான் செய்யும் மேடம். பாறையில இருந்து வர்றது. இயற்கை."

"பாறையில இருந்து வந்தா கீழ போகப் போக அதிகமாகணும் சார். இங்க மேல்மண்ணுலதான் இருக்கு, ஒரு முழம் தோண்டினா காணோம். உங்க மதிலை விட்டுத் தள்ளிப் போனாலும் குறையுது."

"அதுக்காக எங்க ஈயம்னு ஆயிடுமா?"

"ஈயத்துக்கும் கைரேகை மாதிரி ஒண்ணு இருக்கு சார். ஐசோடோப்னு சொல்வோம். நிலத்துல இருக்கிற ஈயத்தையும் நீங்க விக்கிற கட்டியையும் வச்சுப் பார்த்தோம். ரேகை ஒண்ணுதான்."

சாதாரண நிர்வாகியாக இருந்தால் அங்கே தலை குனிந்திருப்பார். எங்கள் எம்.டி. தலை நிமிர்ந்தார்.

"அப்ப இது எங்க ஈயம்தான்."

"ஆமா சார்."

"அறிவியல் பூர்வமா நிரூபிச்சுட்டீங்க."

"ஆமா."

"ரொம்ப நன்றி" என்றவர் அதிகாரி பக்கம் திரும்பினார். "எங்க கம்பெனி சொத்து இத்தனை வருஷமா இவங்க நிலத்துல இருந்திருக்கு. ஒரு வார்த்தை சொல்லலை. முதல்ல அதைத் திருப்பித் தரச் சொல்லுங்க சார். நஷ்டஈட்டை அப்புறம் பேசலாம்."

அதிகாரி யோசித்துவிட்டு, "பாயிண்டுதான்" என்றார். நல்லிணக்கம் ஏற்பட்டுவிட்டதாக நான் குறித்துக்கொண்டேன்.

செவ்வந்தி எழுந்தார். "திருப்பிக் குடுத்தா வாங்கிக்குவீங்களா சார்?"

"எங்க பொருளை நாங்க வாங்காம யார் வாங்குவாங்க?"

"செரி. எடுத்துக்கினு வரோம்."

அன்று சமோசா சாப்பிட்டுக்கொண்டே அதை நினைத்து நினைத்துச் சிரித்தோம்.

அவர்கள் நிஜமாகவே எடுத்துக்கொண்டு வந்தார்கள். தூசி பறக்கக்கூடாது என்று சோபியா சொன்னபடி தண்ணீர் தெளித்து, மூக்கில் துணி கட்டி, செவ்வந்தியின் நிலத்து மேல்மண்ணைச் சுரண்டி, வேதகிரியின் டிராக்டரில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடி எங்கள் கேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஊரே செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் வந்தது.

எங்கள் பாதுகாப்பு அதிகாரி ஆல்வின் உள்ளூர்ப் பையன், கடமை தவறாதவன். முகக்கவசம், கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு ஓடிவந்து இரண்டு கையையும் விரித்து நின்றான்.

"அக்கா, நில்லு. இது உள்ள வரக்கூடாது. டேஞ்சரான கழிவு."

"உங்க மொதலாளிதான் கேட்டாரு."

"யாரு கேட்டாலும் ரூல் ரூலுதான்க்கா. இந்த அளவு ஈயம் கீற மண்ண ஸ்டாஃப் நடமாடற எடத்துல வக்கக்கூடாது. மூச்சுல போச்சுன்னா ரத்தத்துல ஏறிடும்."

"நாங்க தெனமும் அதுலதான நின்னுக்கினு வேல செஞ்சோம்?"

ஆல்வின் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டான். "நீங்க ஸ்டாஃப் இல்லியேக்கா."

அந்த வாக்கியத்தை எல்லாச் செல்போன்களும் தெளிவாகப் பதிவு செய்தன.

செவ்வந்தி வண்டியைப் பார்த்தார், ஆல்வினைப் பார்த்தார். பிறகு வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். டிராக்டரிலிருந்து வேதகிரி எட்டிப் பார்த்து, "எழுந்து அப்பால வாம்மா" என்றார். "இவன் உள்ள வுட மாட்டான். நம்மளும் திருப்பி எடுத்துக்கினு போவப்போறதில்ல. என் நெல்லத்தான் வாலாஜாபாத் மில்லுல ஒருத்தனும் தொட மாட்டேங்கறான். இதயாவது இவனுங்க வச்சுக்கினு இருக்கட்டும்."

செவ்வந்தி ஒதுங்கியதும் டிராக்டரின் டிரெய்லர் மேலே எழும்பியது. மண் முழுவதும் கேட்டுக்கு நேரே சரிந்தது.

அதிலிருந்து எங்கள் கேட் திறக்கவில்லை. ஆபத்தான கழிவு என்று எங்கள் பாதுகாப்பு அதிகாரியே அறிவித்துவிட்டதால் அதை எங்கள் பொக்லைன் தொட முடியாது. கழிவு அகற்றும் நிறுவனம் ஒன்றுக்கு எம்.டி. போன் செய்தார். "இது எங்க உண்டான கழிவு சார்?" என்று கேட்டார்கள். எம்.டி. போனை வைத்துவிட்டார். பேட்டரி லாரிகள் சாலையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. உலை அணைந்தது. ஊழியர்கள் நாங்கள் பின்பக்கச் சின்னக் கதவு வழியாக வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறோம்.

நிருபர் ஒருவர் என்னிடம், அந்த மண் ஆபத்தானதா இல்லையா, ஒரே பதிலாகச் சொல்லுங்கள் என்று கேட்டார். "கேட்டுக்கு உள்ளே வந்தால் ஆபத்து. வெளியே இருந்தால் மண்" என்றேன். என் பணிக்காலத்தில் இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் அளித்ததில்லை.

சுரண்டிய நிலம் சும்மா கிடக்கிறது. செவ்வந்தி மறுபடியும் கூலிக்குப் போகிறார். பூஜாவை ஓரிக்கையில் அத்தை வீட்டில் விட்டுப் படிக்க வைத்திருக்கிறார்கள். வயிற்று வலி குறைந்திருக்கிறதாம். மறதி போக நாளாகும், முழுசாகப் போகுமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம்.

இதற்கிடையே பாதுகாப்பு வாரம் வந்தது. ஊழியர் நலன் காத்த மாவீரர் என்று ஆல்வினுக்குக் கேடயம் தர முடிவாயிற்று. பாராட்டுரை எழுதும் பேறு எனக்குக் கிட்டியது. உணர்ச்சிவசப்பட்டு எழுதினேன்: 'பூஜா என்னும் சிறுமி பிறந்தது முதல் விளையாடிய மண்ணை, நம் ஊழியர் ஒருவர்கூட மிதித்துவிடாமல் காத்த தீரனே!'

எம்.டி. படித்துப் பார்த்தார். "எல்லாம் சரி. அந்தப் பொண்ணு வர்ற வரிய மட்டும் எடுத்துடுங்க."

"ஏன் சார், தகவல் ஏதாவது தப்பா?"

"தப்பு ஒண்ணும் இல்லை" என்றார் எம்.டி. "அதனாலதான் எடுக்கச் சொல்றேன்."