பூனா பஸ்ஸுக்கு மாங்காய்ச் சட்னி

வாயில் வைத்த கரண்டியை எடுக்காமலேயே பிரசாந்த் ஒரு கண்ணை மூடினான். பிறகு இன்னொரு கண்ணையும் மூடினான்.

"புளிக்குதா?" என்று கேட்டாள் சுமலதா.

"பல்லு இருக்குதான்னு பாத்து சொல்லு," என்றான் அவள் புருஷன்.

சுமலதா தானும் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள். காது வரைக்கும் கூசியது. செல்போனில் 'பத்தே நிமிஷத்தில் பழச் சட்னி' செய்து காட்டிய பெண் எந்த ஊர் மாங்காய் வாங்கினாளோ, செஞ்சி மார்க்கெட்டில் இவள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய செங்காய் அத்தனையும் உள்ளே பச்சைப் புளி.

வேறு நாளாக இருந்தால் அப்படியே ஊறுகாய் போட்டிருப்பாள். இன்றைக்கு முடியாது. காலையில் கோட்டை கைடு ராமகிருஷ்ணன் போன் செய்ததிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அக்கா, பூனாலேர்ந்து ஒரு பஸ் வருது. கோட்டையை சுத்திட்டு மத்தியானம் உங்க மெஸ்ஸுலதான் சாப்பாடு. பூரியும் உருளக்கெழங்கும் போதும். தேங்கா சட்னி மட்டும் வெச்சிடாதீங்க. மாங்கா, பழம் எல்லாம் போட்டு இனிப்பும் புளிப்புமா ஒரு சட்னி இருக்கணும். அவங்களுக்குப் புடிச்சிதுன்னா வாரா வாரம் வண்டி உங்க வாசல்லதான் நிக்கும்."

கோட்டைக்கு உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்த பிறகு எந்தெந்த ஊரிலிருந்தோ ஆட்கள் வந்து இறங்கினார்கள். இறங்கியவர்கள் எல்லாரும் மலையைப் பார்த்தார்களே தவிர, திருவண்ணாமலை ரோட்டில் அவள் புதிதாகத் திறந்த மெஸ்ஸை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்குத்தான் முதல் பஸ். அதற்காகத் தீபாவளிப் புடவையைக் கட்டியிருந்தாள். ராமகிருஷ்ணன் கொடுத்தனுப்பிய இந்தி வரவேற்பு பிளெக்ஸை, தமிழில் எழுதிய போர்டு மறையும்படி பிரசாந்தை விட்டுக் கட்டவும் செய்திருந்தாள்.

"புளிப்புக்கு வெல்லம் போட்டா அடங்கிடும்," என்று வெல்லத்தை உடைத்துப் போட்டாள்.

அடங்கவில்லை. மறுபடியும் போட்டாள். பிரசாந்த் டப்பாவை எட்டிப் பார்த்து, அடியில் கிடந்ததையும் கவிழ்த்தான். கொஞ்ச நேரத்தில் கரண்டியைத் தூக்கினால் கம்பி கம்பியாக இழுத்துக்கொண்டு வந்தது.

"மாவு இருந்தா அதிரசம் தட்டிடலாம்," என்றான்.

"தமாஷ் பண்ணாதீங்க. மொளகாத்தூள் ஒரு கை போடுங்க. இனிப்பு மட்டுப்படும்."

சொல்லிவிட்டு அவள் பூரி மாவைப் பிசையத் திரும்பியதுதான் தப்பு. அவள் சொன்ன கை அவளுடைய கை. பிரசாந்த் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். அவன் கை ஒரு முறம் அளவுக்கு இருக்கும்.

தூள் விழுந்த வேகத்தில் நெடி கிளம்பியது. சொல்லி வைத்த மாதிரி அதே நேரத்தில் கரண்டும் போனது. மின்விசிறி நின்றது. இரண்டு பேரும் சேலைத் தலைப்பையும் துண்டையும் மூக்கில் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

எதிர் வீட்டு ஜெஸிமா தும்மிக்கொண்டே ரோட்டைத் தாண்டி வந்தாள். அவள் புருஷன் அமீர் ஜான் தள்ளுவண்டியில் பழம் விற்பவர்.

"இன்னா சுமா, உள்ள எதுனா கொளுத்திட்டியா? தெருவே இருமுது."

சுமலதா விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல ஜெஸிமாவுக்கும் பரபரப்புத் தொற்றிக்கொண்டது. "பூனாவா? அங்கேர்ந்தா வராங்க?" என்று முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தாள். வாணலியை மோந்து பார்த்தாள்.

"கிர்ணிப்பழம் போட்டா காரத்த இழுத்துக்கும். வூட்ல கெடக்குது, எடுத்தாறேன்."

எடுத்து வந்தாள். நறுக்கிப் போட்டார்கள். கிர்ணிப்பழம் காரத்தை இழுத்துக்கொண்டதோ என்னமோ, தன்னிடமிருந்த தண்ணீரை எல்லாம் விட்டுவிட்டது. சட்னி ரசமாகி வாணலி விளிம்பில் தளும்பியது.

"ஐயோ, இத்த டம்ளர்ல ஊத்தித்தான் குடுக்கணும்," என்றாள் சுமலதா. அழுகை வரும்போல இருந்தது.

"இரு, இரு. கெட்டியாக்கிடலாம்."

ஜெஸிமா மறுபடியும் ஓடினாள். பேரீச்சம்பழம் வந்தது. வாழைப்பழம் வந்தது. ஒரு கொத்துத் திராட்சையும் வந்தது. வாணலி கொள்ளவில்லை என்று அவள் வீட்டில் பிரியாணிக்கு வைத்திருந்த தேக்சாவும் வந்து அடுப்பில் ஏறியது. பிரசாந்த் சட்டையைக் கழற்றிவிட்டுத் துடுப்பைப் பிடித்துக் கிண்டினான். சுக்கைத் தட்டிப் போட்டார்கள். சோம்பைப் போட்டார்கள். போட்டதில் எது மிஞ்சியது என்று கேட்கிற நிலையில் யாரும் இல்லை.

"ஜெஸிமாக்கா, உங்களுக்கு இந்தி வருமில்ல? வந்தவங்ககிட்ட நீங்க பேசுங்க," என்றாள் சுமலதா.

"எனக்கா? எங்க வூட்ல எட்டுத் தலமுறையா தமிழ்தான்டி. அரபி ஓதத் தெரியும், அவ்ளோதான். நீதானே பரீச்ச எல்லாம் எழுதின."

எழுதியது உண்மைதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இந்திப் பரீட்சையில் முதல் படி ஏறியிருந்தாள். அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஹார்ன் அடித்தது.

பஸ் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது.

"சொல்றத கேளுங்க," என்று புருஷனின் சட்டையை எடுத்து வீசினாள். "ஒரு வார்த்த தமிழ் பேசக்கூடாது. பேசினா அவங்களுக்கு அந்நியமா தெரியும். என்ன கேட்டாலும் ஜீ சொல்லுங்க."

"ஜீ," என்றான் பிரசாந்த்.

ஆரஞ்சு நிறத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஆண்களும் பெண்களும் வியர்க்க விறுவிறுக்க இறங்கினார்கள். மீசைக்காரர் ஒருவர் முன்னால் நின்று பிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். சுமலதா இரண்டு கையையும் கூப்பினாள்.

"நமஸ்தே ஜீ. ஆயியே, ஆயியே. பைட்டியே."

மீசைக்காரர் ஒரு நொடி தடுமாறினார். திரும்பி மற்றவர்களிடம் ஏதோ கிசுகிசுத்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நமஸ்தே, நமஸ்தே," என்றார். மற்றவர்கள் வாயை இறுக மூடிக்கொண்டு, வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். எத்தனை அடக்கமான ஜனங்கள் என்று சுமலதா வியந்தாள்.

"பூனா?" என்று சிரித்தபடி கேட்டாள்.

அவள் கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஹாங் ஜீ, பூரி, பூரி," என்றார் அவர்.

பூரி உப்பி உப்பி வந்தது. தேக்சாவிலிருந்து ஆவி பறக்கச் சட்னியை அள்ளி ஒவ்வொரு தட்டிலும் வைத்தாள். மூக்குத்தி போட்ட ஒரு பெரியம்மா முதல் வாய் எடுத்து வைத்தாள். சுமலதா எட்டிப் பார்த்தாள். பெரியம்மாவின் கண் அகன்றது. "அச்சோ," என்றாள்.

"அச்சா சொல்றாங்க," என்று சுமலதா ஜெஸிமாவின் தோளைக் கிள்ளினாள். ஜெஸிமாவும் பதிலுக்குக் கிள்ளினாள்.

பெரியம்மா தண்ணீர் குடித்தாள். பிறகு இன்னொரு விள்ளலைச் சட்னியில் தோய்த்தாள். அதற்கப்புறம் தலை நிமிரவே இல்லை. முதலில் புளித்தது, அப்புறம் இனித்தது, நாக்கு ஏமாந்திருந்த நேரத்தில் காரம் பிடித்தது, விடுவதற்குள் பேரீச்சை வந்து சமாதானம் பண்ணியது. என்ன தின்கிறோம் என்று தெரியாமலேயே எல்லாருடைய கையும் தட்டுக்கும் வாய்க்குமாக ஓடியது. ஒருவர் தட்டைத் தூக்கிக் காட்டினார். இன்னொருவர் விரலால் தொட்டுக் காட்டி, பிறகு அந்த விரலையும் நக்கினார்.

பிரசாந்த் பூரியைப் போட்டுவிட்டு ஓடி வரும்போது தேக்சாவில் முழங்கையைச் சுட்டுக்கொண்டான். "ஐயோ," என்று கத்தியவன், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஜீ," என்று சேர்த்துக்கொண்டான்.

மீசைக்காரர் சட்னியைச் சுட்டி, "இஸ்கா நாம்?" என்று கேட்டார். பெயர் கேட்கிறார் என்பது புரிந்தது. பெயர் வைக்க நேரம் எங்கே இருந்தது?

"செஞ்சி சட்னி," என்றாள் சுமலதா, பெற்ற பிள்ளைக்குப் பெயர் சூட்டுகிற பூரிப்போடு.

"பஹுத் அச்சா," என்றார் அவர். மற்றவர்களும் ஒரே குரலில், பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல, "அச்சா, அச்சா," என்றார்கள். ஜெஸிமாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய் நெடி என்று அவள் சொன்னாலும் சுமலதா நம்பவில்லை.

தேக்சாவின் அடியைச் சுரண்டி எடுத்தாயிற்று. பெரியம்மா மட்டும் போக மனமில்லாமல், எப்படிச் செய்வது என்று கையால் கிண்டிக் காட்டிக் கேட்டாள். சுமலதாவும் கையாலேயே வெட்டிக் காட்டினாள், உடைத்துக் காட்டினாள், பிரசாந்தின் பெரிய கையைப் பிடித்து அள்ளிப் போட்டுக் காட்டினாள். பெரியம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. சுமலதாவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டு பஸ் ஏறினாள்.

வண்டி கிளம்பியது. சுமலதாவும் பிரசாந்தும் ஜெஸிமாவும் வாசலில் நின்று கையை ஆட்டினார்கள். அடுத்த வாரமும் இந்த பஸ் வரும், அதற்கடுத்த வாரமும் வரும் என்று சுமலதாவின் மனம் துள்ளியது. மெல்ல நகர்ந்த பஸ்ஸின் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியம்மா, பக்கத்து சீட்டுக்காரியிடம் அலுத்துக்கொண்டது மூன்று பேர் காதிலும் தெளிவாக விழுந்தது:

"கைப்பக்குவம் இன்னாமா இருக்குது, பாவம் அந்த வடநாட்டுப் பொண்ணுக்கு ஒரு வார்த்த தமிழ் வரல, நம்ம கலியபெருமாளு மட்டும் பம்பாய்ல இருந்துட்டு வரலன்னா வந்தவாசி போய்ச் சேர்ற வரிக்கும் நாம பட்டினிதான்டி."