சித்தி, தயவுசெய்து காலை உடைத்துக்கொள்ளவும்

என் அன்புச் சித்திக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம் சொல்லி உங்கள் அக்கா மகள் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் நலம் என்று எழுதத்தான் ஆசை. கிருபை தாராளமாக இருக்கிறது, நலத்துக்குத்தான் கொஞ்சம் தட்டுப்பாடு. நீங்களும் சித்தப்பாவும் உங்கள் செருப்புக் கடையும் கடைக்கு வந்துபோகிற பாதங்களும் சுகம்தானே? இந்த முகாமுக்கு வந்த அன்றைக்கே எங்கள் போன்களையெல்லாம் வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டார்கள். அதனால்தான் கடிதம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் கண்டதும் நீங்கள் காலை உடைத்துக்கொள்ள வேண்டும். நிஜமாக இல்லை சித்தி, பேச்சுக்கு. வலது காலாக இருக்கட்டும். இடது பாதத்தில் ஏற்கெனவே ஆணி இருக்கிறது, அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம். முகாம் ஆபீசுக்கு ஒரு போன் போட்டு, "எனக்குக் கால் ஒடிஞ்சுபோச்சு, பாத்துக்க ஆள் இல்ல, பிள்ளைய அனுப்பி வைங்க" என்று அழாத குறையாகச் சொன்னால் போதும். நாள் முழுக்க அடுத்தவர் காலைப் பிடித்து அளவு பார்க்கிற உங்களுக்கு, ஒரு கால் எப்படி உடையும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நானாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன என்று கேட்பீர்கள். அப்பா ஜெயித்துவிடுவார். இந்த 'விசுவாசமும் சாகசமும்' படிப்பில் சேரப் போகிறேன் என்று நான் சொன்னபோது அவர் முகம் போன போக்கு உங்களுக்கு நினைவிருக்கும். "மாசம் தாங்காது. வாசல்ல வந்து நிப்பா பாரு" என்றார். நீங்கள்தான், "அத்தான், ஒரு தடவையாவது அவளத் தானா ஓட்ட விடுங்க" என்று எனக்காகச் சண்டை போட்டீர்கள். அப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது. டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவருக்குக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அம்மா போன பிறகு அந்தப் பிரேக் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நான் நாற்காலி மேல் ஏறி பல்பு மாற்றினால் ஹாலில் பேப்பர் படிக்கிற அப்பாவின் வலது கால் தரையை அழுத்தும். நான் வேகமாகச் சாப்பிட்டால் அழுத்தும். யாருக்கோ போனில் சிரித்தால்கூட அழுத்தும். அந்தக் காலைவிட்டுத் தூரமாக எங்கேயாவது போனால் போதும் என்றுதான் இங்கே வந்தேன். வந்து பார்த்தால் பிரேக் என் காலிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

இந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய ஏரி, அதைச் சுற்றி மரம், மரத்துக்கு நடுவே பலகை வீடுகள். விடியற்காலையில் ஏரியிலிருந்து மூடுபனி எழுந்து வந்து, கேட்காமல் கொள்ளாமல் ஜன்னல் வழியாக அறைக்குள் நுழைந்துவிடும். கண் விழித்தால் கட்டிலின் கால்மாடு தெரியாது. எழுந்துவிட்டேனா, இன்னும் கனவில் இருக்கிறேனா என்று தினமும் குழப்பம். மேல் கட்டிலில் படுத்திருப்பவள் ஆமென் அக்கா. எதைச் சொன்னாலும் ஆமென் என்பாள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் ஆமென்தான். தூக்கத்தில்கூடச் சொல்வாள். பனிக்குள்ளிருந்து அந்தக் குரல் மட்டும் மெதுவாக இறங்கி வரும்போது, நாம் பரலோகத்துக்குத்தான் வந்துவிட்டோமோ, அங்கேயும் மேல் கட்டில் நமக்கில்லையோ என்று தோன்றும்.

காலையில் வேதபாடம், மத்தியானம் சாகசம். சாகசத்துக்கு விசில் அண்ணன். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. முதலில் சுவர் ஏற வைத்தார். இடுப்பில் கயிறு, மறுமுனை அவர் கையில். அரைவாசி ஏறியதும் கையை விட்டுவிட வேண்டும், கயிறு நம்மைத் தாங்கும், விசுவாசம் என்பது அதுதான் என்பது பாடம். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறினேன். அரைவாசி வந்ததாக மனசு சொன்னதும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். "கைய விடும்மா" என்றார் விசில் அண்ணன். விடவில்லை. "நான் பிடிச்சிருக்கேன்ல, விடும்மா." விடவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது. மற்றவர்கள் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். வெயில் பட்ட சுவர் கன்னத்துக்கு இதமாக இருந்ததால் எனக்கு லேசாகக் கண் அயர்ந்துகூட விட்டது. கடைசியில் விசில் அண்ணன் என் காதருகே வந்து, "கண்ணத் தொறந்து பாரேன்" என்றார். காதருகே எப்படி வந்தார் என்று திறந்து பார்த்தேன். அவர் தரையில்தான் நின்றிருந்தார். நான் ஏறியிருந்த உயரம் அவ்வளவுதான் சித்தி.

அதையாவது சிரித்து மறந்துவிடலாம். அடுத்து நடந்ததுதான் என்னை உங்கள் காலில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. இங்கே ஏரியில் போவதற்கு ஒல்லியான நீளப் படகுகள் இருக்கின்றன, இருவர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டும். இந்தப் படகுப் பயிற்சி மட்டும் விடியற்காலையில். புறப்படுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் படகைக் கட்டிய கயிற்றை அவிழ்ப்போம். பிறகு துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவோம். பின்னால் இருப்பவர் ஜெபம் செய்வார், ஆமென் சொன்ன பிறகுதான் எல்லோரும் கண்ணைத் திறப்போம். வழக்கமாக ஒரே வரியில் முடிந்துவிடும். அன்றைக்கு எங்கள் படகில் ஜெபம் என் முறை. சத்தமாக ஜெபம் செய்வது எனக்கு அதுதான் முதல் தடவை. ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. துடுப்புக்காக ஜெபித்தேன், மிதவை அங்கிக்காக ஜெபித்தேன், அதன் கொக்கிகளுக்காகத் தனித்தனியாக ஜெபித்தேன். பிறகு எனக்குள் இருக்கிற அப்பா விழித்துக்கொண்டார். வண்டி எடுக்கும் முன் அவர் சொல்லிக்கொடுக்கிறது அத்தனையும் வரிசையாக வாயில் வந்தது. சீட் சரியாக இருக்க வேண்டும் ஆண்டவரே, பின்னால் வருகிறவர்களை எங்களுக்குக் காட்டும், குறுக்கே யாரும் வராதபடி காத்துக்கொள்ளும், திரும்பும்போது கை காட்டும் புத்தியைத் தாரும். எப்படி முடிப்பது என்று தெரியவில்லை சித்தி. எதை விட்டுவிட்டோமோ, விட்டது வந்து விழுந்துவிடுமோ என்று பயம். மற்ற நாளெல்லாம் வாய் ஓயாமல் ஆமென் சொல்கிற அக்கா முன்னால்தான் இருந்தாள். அவளாவது சொல்லி முடித்து வைத்திருக்கலாம். அவள் தூங்கிப்போயிருந்தாள்.

ஒருவழியாக நானே ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் கரையைக் காணோம்.

சுற்றிலும் வெள்ளை. தண்ணீர் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. படகு அசைகிறதா என்பதே தெரியவில்லை. விசில் சத்தம் ஒருமுறை இடப்பக்கம் கேட்டது, ஒருமுறை வலப்பக்கம் கேட்டது, பிறகு ஏரிக்கு அடியிலிருந்து கேட்டது. பயப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் எனக்குப் பயமே வரவில்லை. அழுத்துவதற்குப் பிரேக் எதுவும் இல்லாத இடத்துக்கு வந்துவிட்டதால் கால் தானாகவே ஓய்ந்துபோயிற்று. அம்மா போன பிறகு அவ்வளவு நிம்மதியாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. அப்புறம் படகு எதன் மேலோ முட்டியது. பார்த்தால் கரை, கரையில் ஆளுக்கொரு மரத்தடியில் அசையாமல் சிலர். நல்ல காலம் பிறந்தது என்று, "முகாமுக்கு எந்தப் பக்கம்ங்க?" என்று கத்தினேன். பதில் இல்லை. ஒருவர் அன்பாகச் சிரித்தார். இன்னொருவர் கையைத் தூக்கி ஆசீர்வதித்தார். வழி கேட்டு அழுகிற குரலில் மறுபடி கேட்டதற்கு ஒரு அம்மா வானத்தைக் காட்டினார். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் எங்கள் முகாமின் மூத்த மாணவர்கள், அது அவர்களுடைய மௌன வேளை. மணி அடிக்கும்வரை வாய் திறக்கக்கூடாது. அந்த மணிக்காக நாங்களும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். ஆமென் அக்கா மறுபடி தூங்கினாள்.

விசில் அண்ணன் தேடி வந்து சேர்ந்தபோது, திட்டுவார், திட்டி வீட்டுக்கு அனுப்புவார், அப்பாவிடம் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும் என்று ஆசையாகப் பார்த்தேன். மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "நடு ஏரில பதறாம உக்காந்திருந்தியே, அதான் வேணும். அடுத்த வாரம் நெடும்பயணம் போறோம்ல, முன்னால போற படகுக்கு நீதான் பொறுப்பு." அக்கா கண்ணைத் திறக்காமலே ஆமென் என்றாள்.

நெடும்பயணம் என்றால் ஏரியைத் தாண்டி ஆறு, ஆற்றைத் தாண்டி இன்னொரு ஏரி. எனக்குப் பின்னால் அத்தனை படகுகள் வரும். நான் திரும்பினால் அவர்களும் திரும்புவார்கள், நான் முட்டினால் அவர்களும் முட்டுவார்கள். இது எனக்கு ஆகாது சித்தி. தெரியாமல் மிதந்துபோனதை வீரம் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களுக்கு உண்மை தெரிவதற்குள் நான் கிளம்ப வேண்டும், அதற்கு உங்கள் வலது காலை விட்டால் எனக்கு வேறு கதியில்லை.

சித்தப்பாவுக்கு என் அன்பைச் சொல்லவும். கடை நிலைவாசலுக்கு மேலே இருக்கிற வசனப் பலகை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, ஏணியைச் சித்தப்பா பிடித்துக்கொள்ள நீங்கள் ஏறவும், மாற்றி வேண்டாம். கால் உடைந்திருக்கிற நாட்களில் ஏற வேண்டாம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, உங்கள் எலும்புகளில் ஒன்றும் நிஜமாக முறியாதபடி பார்த்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
உங்கள் காலையே நம்பியிருக்கும் மகள்

பின்குறிப்பு: சித்தி, காலை உடைக்க வேண்டாம். உடைத்திருந்தால் ஒட்டவைத்துவிடவும்.

ஸ்டாம்பு சனிக்கிழமைதான் தருவோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதுவரை இந்தக் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. இன்றைக்குச் சனிக்கிழமை, வீட்டார் வந்து பார்க்கிற நாள். மத்தியானம் மரங்களுக்கு நடுவே, கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகையோடு ஒரு கார் ஊர்ந்து வந்தது. அப்பா இறங்கினார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கிளம்பும்மா. சித்திக்குக் கால் ஒடிஞ்சுபோச்சு" என்றார்.

எழுதி வைத்ததற்கே உடைந்துவிட்டதா? பையில் கடிதம் நெருப்பாகச் சுட்டது. "எந்தக் காலுப்பா?" என்றேன்.

"இடது" என்றார். என் முகத்தைப் பார்த்தார். "இல்ல, வலது."

"ரெண்டுமா?"

"ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்" என்றார் அப்பா.

அப்போதுதான் புரிந்தது சித்தி. நான் கேட்ட பொய்யையே, நான் கேட்காமலே, அவர் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும், யாரும் ஜெயிக்காமல் யாரும் தோற்காமல் நான் காரில் ஏறியிருக்கலாம். "பொய் சொல்றீங்கப்பா" என்றேன். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வீட்ல சத்தமே இல்லம்மா. ஓட்டுற சீட்டு காலியா இருக்கு. நான் மட்டும் பக்கத்துல பிரேக்ல கால வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துப் படகுத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மிதவை அங்கியை மாட்டிவிட்டு, கொக்கிகளை நானே இழுத்துப் பார்த்துவிட்டு, அவரை முன்னால் உட்கார வைத்தேன். பின்னால் நான் உட்கார்ந்தேன். கயிற்றை அவிழ்த்தேன். அவருடைய வலது கால் உடனே படகின் அடிப்பலகையை அழுத்தியது. "கண்ண மூடுங்கப்பா, ஜெபம் பண்ணணும்" என்றேன்.

"ஓடுற வண்டில நான் கண்ண மூடினதில்ல."

"இது இன்னும் ஓடலப்பா" என்று நானும் ஒரு பொய் சொன்னேன்.

அப்பாவைப் பத்திரமாகக் கொண்டுவந்ததற்காக நன்றி சொன்னேன். சித்தியின் இரண்டு கால்களுக்காகவும் நன்றி சொன்னேன், அப்பா இருமினார். அடுத்த வாரம் எனக்குப் பின்னால் வரப்போகிற படகுகளுக்காக ஜெபித்தேன். நான் போகப்போகிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது, அப்பாவுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கும். முறைப்படி நானும் கண்ணை மூடியிருக்க வேண்டும், ஆனால் அரைக்கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் தலை குனிந்திருந்தது. துடுப்பு மடியில் இருந்தது. கரை மெல்ல விலகிப் போய்க்கொண்டிருந்தது. அடிப்பலகையை அழுத்திக்கொண்டிருந்த அந்தக் கால், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓய்ந்தது.

நான் ரொம்ப நேரம் ஆமென் சொல்லவில்லை சித்தி.