மூன்றாம் மாடிச் சுடுநீர்ப் போர்

வாழி, கிழிந்த துண்டை வெற்றிக்கொடியாய்த் தோளேற்றியவள்! வாழி, அரைச்சோப்பு ஏந்திய அஞ்சாநெஞ்சத்தாள்! மூக்கு ஒழுகினும் முன்வைத்த காலைப் பின்வாங்காதவள், பத்தே பிராயத்தாள், பெற்றவர் இட்ட பெயர் பள்ளிப் பதிவேட்டில் உறங்கிக் கிடக்க, மாடி முழுவதும் ஒருவாய்ப்படச் சூட்டிய 'சுண்டு' என்னும் விருதுப்பெயரால் படிகள்தோறும் அதட்டப்பெற்றவள். அவ்வீராங்கனை ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடுநீர் வேண்டிப் பொருத திறத்தைச் சொல்லப் புகுகின்றோம். சளி பிடித்தோர் சற்றே தள்ளி அமர்வீராக!

களம் யாதெனில், பிழைப்புத் தேடிக் கடல் தாண்டி வந்தவர்களை வரிசை வரிசையாய் அடைத்து வைத்த பழைய கிடங்குக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. நான்கு குடும்பங்கள், ஒரு குளியலறை, அதனுள் ஒரு ஹீட்டர். உயிரோடிருப்பதைக் காட்டும் அதன் சிவப்பு விளக்கு என்றோ கண்மூடிவிட்டது. குடியிருப்போரை நம்பாத கட்டடக்காரர் சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே, நடைச்சுவரில் பதித்துவிட்டார். ஆகவே உள்ளே ஒருவர் குளிக்க, வரிசையில் அடுத்தவர் வெளியே நின்று சுவிட்சைக் காப்பது அம்மாடியின் எழுதாச் சட்டம்.

ஊரில் யாருக்கு யாரோ! இங்கே வந்து பெட்டியை இறக்கிய மறுநாளே மாடி முழுக்க உறவு. பெரியம்மா, மாமா, சித்தி, அண்ணன் என முறை வைத்தபடியே ஞாயிறுதோறும் வாளிகளும் நின்றன. வேலைக்கு ஓட வேண்டியவர் மட்டும் முறை தாண்டலாம். முறையில் கடைக்குட்டி சுண்டு. சூடு முழுவதும் மூத்தோர் முதுகில் இறங்கியபின், பல்லைக் கிட்டவைக்கும் பச்சைத்தண்ணீரே மூன்று குளிர்காலமாய் அவளுக்கு வாய்த்தது. அவள் வேண்டியது நாடன்று, நகரன்று. ஆவி பறக்க ஒரே ஒரு வாளி.

எதிர்நின்றவளோ சலவைப் பெரியம்மா. வாரத்தில் ஆறு நாள் சலவை ஆலையில் அயலாரின் படுக்கைவிரிப்புகளை வெந்நீரிலிருந்து வாரியெடுத்து வாரியெடுத்து உலக்கையாய் இறுகிய கரத்தினள். நின்று நின்றே வீங்கிய முழங்காலினள். ஏழாம் நாள் அம்முழங்காலில் விழும் நாலு செம்புச் சுடுநீர் ஒன்றே அவள் அறிந்த வைத்தியம். யார் பக்கம் அறம் என்று வானோரும் சொல்லத் திணறும் போர் இது!

அன்று எட்டு மணியளவில், பஸ் ஓட்டும் பணிக்கு விரைய வேண்டிய பஸ் மாமா முதலில் குளித்து வெளிவந்தார். வாயெடுத்து ஏதோ சொல்லப் புகுந்தார். பல் தந்தியடித்ததால் சொல் வரவில்லை. பெரியம்மா முழங்காலைப் பிடித்தபடி வாளிக்குக் குனிந்தாள். அக்கணமே, வேலியில் விழுந்த ஓட்டைக்குள் கீரி பாய்ந்தாற்போல, பெரியம்மாவின் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே பாய்ந்தாள் சுண்டு. தாழ் விழுந்தது! மாடி அதிர்ந்தது!

"ஏ சுண்டு! வெளிய வாடி வாலு! நீ பொறக்கறதுக்கு முப்பத்தஞ்சு வருஷம் முன்னாடியே வரிசையில நிக்கிறவ நான்!"

"மூணு வருஷமா நான்தான் கடைசி! நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க, பெரியம்மா!"

சூளுரைத்த சுண்டு முதற்செம்பை வார்த்தாள். சில்லென்றது. குழாயில் தேங்கிய பழைய நீராயிருக்கும் என்று தேறி, தலைநிறையச் சோப்பைக் குழைத்து, வெண்முடி சூடிய வேந்தெனப் பொலிந்தாள். அந்தோ! வெளியே இடி முழங்கியது போல் 'டக்' என்றொரு ஓசை.

"அடுத்த ஆளு யாருடி? நான்தானே? அப்ப சுவிட்சு யார் கையில?"

மாமா மீண்டும், "அ... அக்கா... அது..." என்று தொடங்கினார்.

"நீ சும்மா இருடா, புள்ளைக்கு வக்காலத்து வாங்க வந்துட்டான்!"

இரண்டாம் செம்பும் பனிக்கட்டி. வரிசையை உடைத்தவளுக்கு வெளியே காவலும் இல்லை, துணையும் இல்லை என்பதைக் கண்ணில் வழிந்த சோப்போடு சேர்த்து உணர்ந்தாள் சுண்டு. ஆயினும் கதவு திறக்கவில்லை. நேரம் சென்றது. உள்ளே பற்கள் கடகடத்தன. வெளியே முழங்கால் விண்விண்ணென்றது. ஒருத்தியின் நடுக்கத்தை மற்றவள் மரக்கதவின் வழியே கேட்டாள்.

"சரி, கேளு. ஒரு வாரம் நீ முன்னாடி, ஒரு வாரம் நான். இன்னிக்குப் பாதி வாளி உனக்கு, பாதி எனக்கு. தொற."

"அப்ப மாமா என்னமோ சொல்ல வந்தாரே?"

"அவன் கெடக்கான். தொறடி, சளி புடிச்சுக்கும்."

உடன்படிக்கை நிறைவேறியது. மூன்று குளிர்காலத்து முறைமை உடைந்தது. சலவை ஆலையின் தனிப்பெருந்தலைவி தன் பொன்விரலால் சுவிட்சை மீண்டும் அழுத்தினாள், தாழ் விலகியது, நுரைமுடி நங்கையும் முழங்கால் பிடித்த மூதாட்டியும் ஒரே துண்டைப் போர்த்தி, பகை மறந்து, கால்மணி நேரம் கண்கொட்டாமல் அந்தக் குழாயையே வழிபட்டு நின்று, பின் இருவர் கையும் ஒருசேர நீள அதைத் திறந்தனர். திறந்த வேகத்தில் இருவரும் ஒரே குரலில் அலறினர்.

"அதைத்தானே அப்பலேர்ந்து சொல்ல வர்றேன்!" என்றார், சீருடை மாட்டிக்கொண்டு படியிறங்க வந்த மாமா.

காலை ஏழு மணிக்கே கரண்ட் போயிருந்தது.